ஐடாவும் நடு பெடலும்

நாளைக் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு லவினா வாசிக்கட்டும் என்று பாஸ்டர் சொன்ன அன்று மத்தியானமே, கோயிலில் ஆளில்லாத நேரம் பார்த்து ஐடா பியானோவுக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கல்யாணமாகி ஸ்கெலட்டன் சுரங்கக் குடியிருப்புக்கு வந்ததிலிருந்து அந்தப் பியானோ ஸ்டூல் அவளுடையது.

லவினா பெங்களூரில் கிராண்ட் பியானோவில் படித்தவள். காலையில் இடது பெடலை மிதித்துவிட்டு, "இன்னா ஆன்ட்டி, கட்டைங்க நகரவே இல்ல?" என்று கேட்டாளே, அதுதான் சுருக்கென்றது.

"படுத்திருக்கிற பியானோலதாம்மா அது நகரும். இது நிக்கிற பியானோ. உள்ள சுத்தியல் கம்பிகிட்ட வரும், அவ்ளோதான்."

நடு பெடல் சங்கதியை மட்டும் ஐடா சொல்லவில்லை. கிராண்டில் அது பிடித்த சுரத்தை நிறுத்திவைக்கும். இங்கே அழுத்தி ஓரமாகத் தள்ளினால், சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவே கம்பளித் துணி இறங்கிச் சத்தம் பாதியாகிவிடும். சுருதி சேர்க்க வந்தவர் எப்போதோ சொன்னது. கண்ணாடி போடாத ஐடா, கையால் தடவி அழுத்தித் தள்ளினாள். டக்.

மறுநாள் முதல் பாட்டுக்கே பியானோ ஷிப்ட் சங்கு போல முழங்கியது. கூரைப் புறாக்கள் பறந்தன. பெடல் நழுவிவிட்டது என்று நினைத்த ஐடா, பியானோ அமுங்கட்டுமென்று பாடகர் குழுவை உரக்கப் பாடச் சொல்லிக் கை காட்டினாள். குழு அப்படிப் பாடியதே இல்லை. சபையே எழுந்து நின்றது.

பக்கம் புரட்டுகிற சாக்கில் லவினாவிடம் போனாள். "வலது பெடல்லர்ந்து காலை எடுக்காத கண்ணு. இங்க அப்டித்தான்."

சுரமெல்லாம் கலந்து குழம்பும் என்று கணக்கு. அடுத்ததோ மெதுவான பாட்டு. கல் சுவரில் அது அலையலையாய் மோதித் திரும்ப, சுரங்கத்துப் புகையில்கூடக் கண்ணீர் விடாத பழைய தொழிலாளி டைட்டஸ் கர்ச்சீப்பைத் தேடினார்.

இந்தப் பியானோவுக்குள் இவ்வளவு சத்தமா என்று பேசிக்கொண்டே ஜனங்கள் கேக் தின்றார்கள். ஐடா தன் துண்டிலிருந்து திராட்சையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

கோயில் கதவு திறக்கும் எல்வின் தலையைச் சொறிந்தபடி வந்தான்.

"பாஸ்டர்கிட்ட சொல்லிடாதீங்கக்கா. நீங்க வாசிக்க வந்த நாள்லேர்ந்து அந்த நடு பெடலை ஓரமா மாட்டியே வெக்கச் சொல்லியிருந்தாரு, நேத்து எவனோ கழட்டி விட்டுட்டான்."