கல்லல் கறுப்பும் ஒரு சாம்பல் குட்டியும்

ஜாதகம் பார்க்காமல், தரகர் வைக்காமல், ஒரே வருஷத்தில் நாற்பது கல்யாணம் முடித்துவைத்தவர் காரைக்குடியில் ஒருவர்தான் இருந்தார். மணமக்கள் அத்தனை பேரும் முயல்கள் என்பது வேறு விஷயம்.

ஊரில் அவருக்குப் 'பொருத்தம்' என்று பெயர். ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். சேலைக்கு ரவிக்கைத் துணி பொருத்துவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மிஞ்ச நினைத்தால் துணியே கிடைக்காது. மாம்பழக் கலர் சேலைக்கு ரோஸ் ரவிக்கை கேட்ட ஒரு அம்மாளிடம், "அது இதுக்குச் சேராது ஆத்தா. வேற கடையில வாங்கிக்கிருங்க. என் கையால கிழிச்சுத் தரமாட்டேன்" என்று துணியைச் சுருட்டி வைத்துவிட்டார். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த அம்மாள் மறுநாள் வந்து அவர் சொன்ன பச்சையையே வாங்கிப் போனார்.

அறுபதுகளின் கடைசியில் நான் அங்கே ஓர் ஆபீசில் குமாஸ்தா. ஒரு ஆச்சி வீட்டின் பின்கட்டில் எனக்கு ஒரு அறை, பொருத்தத்துக்கு ஒரு அறை. மீதி இடமெல்லாம் முயல் கூண்டு. சாயங்காலம் கடை முடிந்து வந்தால் அவருக்கு முயல்தான் உலகம். தமக்கு மட்டும் அந்த மனுஷர் பொருத்தமே பார்த்துக்கொள்ளவில்லை.

தங்களில் ஒரே கோயிலைச் சேர்ந்த பங்காளிகளுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை என்ற வழக்கத்தை ஆச்சி ஒருநாள் சொல்லப்போக, மனிதர் அதை அப்படியே முயலுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒரு வம்சத்துக்கு ஒரு கூண்டு வரிசை. முதல் வரிசையில் சாக்பீசால் 'இளையாத்தங்குடி' என்று எழுதினார். ஆச்சி அதைப் பார்த்தார்.

"முயலுக்கு எங்க கோயிலாப்பா கெடச்சுச்சு?"

அன்றே அழித்துவிட்டு ரயில்வே ஸ்டேஷன்களுக்குப் போய்விட்டார். கல்லல், சிவகங்கை, மானாமதுரை. கல்லலுக்கும் கல்லலுக்கும் சம்பந்தம் கிடையாது. அது சட்டம்.

சின்ன வயதில் ஆச்சி பர்மாவில் இருந்தவர். அங்கே சாம்பல் நிற முயல் ஒன்று வளர்த்தாராம். கப்பலேறும்போது அதை விட்டுவிட்டு வர நேர்ந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் ஆச்சியின் குரல் கொஞ்சம் இறங்கும்.

"அதுக்கென்ன ஆச்சி? கறுப்பையும் வெள்ளையையும் சேத்தா சாம்பல்தானே. நான் தாரேன்" என்றார் பொருத்தம். சாயத்தொட்டியில் நடப்பது முயல் வயிற்றிலும் நடக்கும் என்பது அவருடைய சித்தாந்தம்.

கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்தார். ஏழு குட்டி, ஏழும் கரி. அந்தக் குட்டிகள்தான் கல்லல் வம்சம். அடுத்து வேறொரு ஜோடியைச் சேர்த்தார். அதில் ஒன்று காட்டு முயல் மாதிரிப் பழுப்பாகவே வந்து நின்றது. "வெள்ளை பத்தலை" என்றார். இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. கூண்டுதான் பெருகியது. நாற்றமும் பெருகியது.

ஐப்பசியில் ஆச்சி பொறுமை இழந்தார். "தையில பேத்தி கல்யாணம். சம்பந்திக வருவாக. அதுக்குள்ள சாம்பல் குட்டியைக் காட்டு. இல்லையின்னா கூண்டையெல்லாம் எடுத்துரு அப்பு."

அன்றிரவு பொருத்தம் சாப்பிடவில்லை. முயல் இல்லாமல் போனால் இவர் சாயங்காலங்களில் யாரோடு பேசுவார் என்று நினைக்க எனக்கே சங்கடமாக இருந்தது.

கார்த்திகையில் அவர் அமராவதிபுதூருக்கு ஒரு விசேஷத்துக்குப் போனார். மூன்று நாளைக்கு முயல்கள் என் பொறுப்பு. இரண்டாம் நாள் நல்ல மழை. கல்லல் வரிசையில் ஒரு கூண்டு ஒழுகியது. நனைந்து கிடந்த கறுப்பைத் தூக்கிப் பக்கத்துக் கூண்டுக் கறுப்போடு விட்டேன். எனக்கு முயலில் ஆண் எது, பெண் எது என்று தெரியாது. அவர் வருவதற்குள் பழையபடி பிரித்து வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

மார்கழி முடிய இருந்தது. ஒருநாள் காலையில் பொருத்தம் என் கதவைத் தட்டினார். கல்லல்காரி குட்டி போட்டு ஒரு வாரமாயிற்று; முடி முளைத்திருந்தது. மூன்று கறுப்பு, இரண்டு வெள்ளை. நடுவில், விபூதியில் கொஞ்சம் கரி கலந்த மாதிரி ஒன்று.

"தம்பி, இதுக்கு அப்பன் யாரு?"

சொன்னேன். மழை, ஒழுகல், பக்கத்துக் கூண்டு எல்லாம் சொன்னேன்.

"கல்லலுக்கும் கல்லலுக்குமா? என்ன தம்பி, இப்பிடிப் பண்ணிப்புட்டீக" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஆச்சிகிட்டே அதைச் சொல்ல வேண்டாமே அண்ணே" என்றேன்.

"பொருத்தத்துல பொய் சொல்லப்படாது தம்பி."

குட்டியை ஆச்சியின் மடியில் வைத்தார். ஆச்சி அதன் காதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஆச்சி, ஒண்ணு சொல்லணும். தாயும் தகப்பனும் ஒரே வயித்துப் பிள்ளைக. ரெண்டும் கல்லல்."

ஆச்சி நிமிரவில்லை.

"சரி, நான் ஒருத்தர்ட்டயும் சொல்லலை. கூண்டு இருக்கட்டும். கல்யாணத்துக்கு முந்தி நல்லாக் கழுவி விடு."

சாயங்காலம் வந்து பார்த்தால் பொருத்தம் சாக்பீசோடு நிற்கிறார். சாம்பல் குட்டியைக் கல்லலில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. புதுக்கூண்டு ஒன்றில் 'திருமயம்' என்று எழுதியிருந்தார். திருமயம் என் ஊர்.

"வேற எந்தப் பேரு வைக்க? நீங்க சேத்துவச்ச சம்பந்தம். இனி நீங்களும் நமக்குப் பங்காளிதான் தம்பி" என்றார்.

பொருத்தம் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. ரயில் திருமயத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த சாக்பீஸ் எழுத்துதான். சொந்தக்காரர்கள் எல்லாம் அப்புறம்தான்.