மல்லிகைக்கு ஒரு பார்ட்டி

"கொத்தமல்லி வாங்கிட்டு வாங்கன்னா புதினாவோட வந்து நிக்கிறீங்க. முப்பது வருஷமா பிள்ளைங்களுக்கு என்னதான் சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டார் பரீதா.

"பச்சையா இருந்துச்சு, வாங்கிட்டேன்" என்றார் ஒலி முகம்மது. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்து வீட்டில் அவர்கள் நிதானமாகச் சண்டை போட்ட கடைசி மாலை அதுதான். மறுநாள் பரீதா மருத்துவமனைக்குப் போனார். வீடு திரும்பவில்லை.

போகிற வழியில், டாக்சியில் வைத்து, கணவருக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தார்.

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா கம்பெனிய வித்துடுங்க. ஆனா அங்க இருக்கிற என் பத்தொன்பது பேரையும் வேலையில வச்சுக்கிற ஆளுக்குத்தான் விக்கணும். ஒருத்தர் குறைஞ்சாலும் வேணாம்."

"ஏன், நான் நடத்த மாட்டேனா?"

"புதினா" என்றார் பரீதா. அதற்கு மேல் விளக்கவில்லை.

காக்கி புக்கிட்டில் இருந்தது அந்த ஸ்ப்ரிங் தொழிற்சாலை. பேனாவுக்குள் இருக்கும் ஸ்ப்ரிங்கிலிருந்து லிஃப்ட் கதவுக்குப் போகிற ஸ்ப்ரிங் வரை அங்கே சுற்றினார்கள். யாரோ கழித்துக்கட்டிய ஓர் இயந்திரத்தை வாங்கித் தொடங்கியவர் பரீதா. கம்பி வாங்கப் போன இடத்தில், "முதலாளிய வரச் சொல்லும்மா" என்றவரிடம், "வந்துட்டேன், எடை போடுங்க" என்று சொன்னவர். வேலை இல்லாத மாதங்களிலும் ஒருவரைக்கூட வீட்டுக்கு அனுப்பாதவர். ஒலி முகம்மதுவுக்கு ஸ்ப்ரிங்கைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அமுக்கினால் எழும்.

தரகரைப் பரீதாவே ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தார். பெயர் பிரேம். தேக்காவில் ஒரு காப்பிக் கடையின் மூலையில், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நான் வீடு விக்கிற ஏஜண்ட் இல்ல சார். கடை, ரெஸ்டாரண்ட் எதுவும் தொட மாட்டேன். பேக்டரி மட்டும்தான். மொத ரூல், ஸ்டாஃப்புக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா பயந்துடுவாங்க லா. ஆளுக்கொரு வேலை தேடிட்டுப் போயிடுவாங்க. ஆள் இல்லாத பேக்டரி வெறும் இரும்பு. எவனும் வாங்க மாட்டான்."

"எங்கிட்ட யாராவது கேட்டா?"

"ஏதாவது சொல்லிச் சமாளிங்க. ஃபோன்ல கம்பெனி பேர சொல்லாதீங்க. நான் ஒவ்வொரு டீலுக்கும் ஒரு பூப்பேரு வப்பேன். உங்க டீலுக்குப் பேரு மல்லிகை."

வாங்குவதற்கு முதல் பார்ட்டி வந்தது. மூன்று பேர், கழுத்தில் டையோடு. பொட்டலம் கட்டும் பிரிவை மேய்க்கும் சம்சுன்னிசா நேராக முதலாளி அறைக்கு வந்துவிட்டார்.

"யாரு சார் இவங்க?"

"இவர்கள் தீயணைப்புச் சோதனைக்காக வந்துள்ளனர். இது வழக்கமான நடைமுறைதான். அச்சம் வேண்டாம்."

"அப்படிங்களா சார்" என்று சம்சுன்னிசா பவ்வியமாகத் தலையாட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் தீ எச்சரிக்கை மணி அலறியது. பத்தொன்பது பேரும் வரிசையாகப் படியிறங்கி, கார் நிறுத்துமிடத்தில் வெயிலில் போய் நின்றார்கள். இயந்திரம் ஓடுவதைப் பார்க்க வந்த மூவரும் ஓடாத இயந்திரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

"என்ன சார் இது?" என்று பல்லைக் கடித்தார் பிரேம்.

"சமாளிக்கச் சொன்னீங்களே, சமாளிச்சேன்."

அடுத்து வந்தவரின் பெயர் கோ. பெரிய நிறுவனக்காரர், தனியாகத்தான் வந்தார். அதிகாரி, சோதனை என்று சொன்னால்தானே வம்பு? ஒலி முகம்மது இந்த முறை யோசித்து வைத்திருந்தார்.

"சார், இவரு?"

"இவர் என் தூரத்து உறவினர். நெடுநாள் கழித்து என்னைக் காண வந்திருக்கிறார்."

சம்சுன்னிசா கோவை ஏற இறங்கப் பார்த்தார். கோ ஒரு சொல் தமிழ் அறியாத சீனர்.

"மூக்கு உங்க மாதிரியே இருக்கு சார்" என்று மட்டும் சொன்னார்.

உறவினரை வெறும் வாயோடு அனுப்புவார்களா? இயந்திரங்களை அணைத்துவிட்டுப் பிரியாணி வரவழைத்தார்கள். கோ கணக்குக் கேட்க வாயைத் திறக்கும்போதெல்லாம் யாராவது ஒரு துண்டு இறைச்சியை அவர் தட்டில் வைத்தார்கள். அவர் போன மறுநாள் பிரேம் அழைத்தார். ஒலி முகம்மது சன்னல் பக்கம் திரும்பி நின்று பேசினார்.

"மல்லிகைய அவருக்குப் பிடிச்சிருக்கா? நல்லது. வயசு ஒண்ணும் பிரச்சினை இல்லையே? என்னது, பன்னிரண்டு பேர் போதும்கிறாரா? அது நடக்காது பிரேம். பத்தொன்பது பேரும் கூடவே வரணும். இல்லன்னா மல்லிகைய குடுக்க மாட்டேன்!"

திரும்பினார். வாசலில் சம்சுன்னிசா. அவருக்குப் பின்னால் தேநீர்க் குவளையோடு லாரி ஓட்டுநர் அர்ஃபான். பேசினால் பெட்ரோல் செலவாகும் என்பதைப் போல வாயே திறக்காத மனிதர்.

"யாரு சார் மல்லிகா?" என்றார் சம்சுன்னிசா.

ஒலி முகம்மது ஃபோனை அவசரமாகச் சட்டைப் பையில் போட்டார். "அது ஒரு... திருமணப் பேச்சு."

"யாருக்கு சார்?"

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பி தங்கைகளும் இல்லை. இரவல் வாங்கக்கூட ஒரு மாப்பிள்ளை கிடைக்கவில்லை.

"எனக்குத்தான். நேற்று வந்தவர் மணப்பெண்ணின் தாய்மாமன் ஆவார்."

சம்சுன்னிசா முக்காட்டின் முனையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு வெளியே ஓடினார். அர்ஃபான் குவளையை மேசையில் வைத்தார். அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக வெளியேறினார்.

அன்று முழுவதும் ஒலி முகம்மது அறையை விட்டு வெளியே வரவில்லை. பரீதா போய் நான்கு மாதம் ஆகவில்லை. அவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, அவரையே மறந்துவிட்டதாக ஊருக்குச் சொல்லியாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் பத்தொன்பது பேரும் கலைந்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் பத்தொன்பது பேரும் முகத்தில் விழிக்க மாட்டார்கள். மன்னிப்புக் கேட்கலாம் என்றால், கேட்கவேண்டிய ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை கோ மறுபடி வந்தார். ஏழு பேரைக் கழித்துவிடுவது என்கிற முடிவோடுதான் வந்தார். வாசலிலேயே சம்சுன்னிசா அவரை மடக்கினார். பின்னால் மற்றவர்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவராக வந்து கோவின் கையைப் பிடித்து, தத்தம் ஆங்கிலத்தில், ஏறக்குறைய ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்.

"எங்க சார் ரொம்ப நல்லவரு. ஏமாந்துடுவாரு. அவரக் கஷ்டப்படுத்தாதீங்க."

அறையின் கண்ணாடி வழியே இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒலி முகம்மது, எல்லாம் முடிந்தது என்று கண்களை மூடிக்கொண்டார். பெண்ணின் மாமன் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கோ சிரித்திருப்பார், பிறகு கோபித்திருப்பார்.

பிரேம் ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

"சார், ஸ்டாஃப்புக்கு என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கலையே!"

"கோ சொல்றாரு, 'நான் இருபத்தி ரெண்டு கம்பெனி வாங்கியிருக்கேன். எல்லா இடத்திலயும் ஸ்டாஃப் என்கிட்ட மொதலாளியப் பத்திப் புகார்தான் சொல்லுவான். மொதலாளியக் காப்பாத்துங்கன்னு கேட்டவங்க இவங்கதான். இதுல யார நான் அனுப்புறது?'ன்னு. பத்தொன்பது பேரும் இருக்கட்டுமாம். கையெழுத்துக்கு ரெடி."

கையெழுத்தானது. ஒப்பந்தத்தில் பத்தொன்பது பெயர்களையும் ஒலி முகம்மது இரண்டு முறை படித்து, மூன்று எழுத்துப் பிழைகளைத் திருத்தினார்.

மறுநாள் காலை எல்லோரையும் இயந்திரக் கூடத்தில் கூட்டினார். நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை.

"உங்ககிட்ட நான் பொய் சொல்லிட்டேன். கம்பெனிய வித்தாச்சு. அந்த ஆளு என் சொந்தமும் இல்ல, யாருக்கும் மாமனும் இல்ல. மல்லிகான்னு யாருமே கிடையாது. பரீதா இருந்த எடத்துல நான் யார வச்சுப் பாக்க? உங்க வேலை யாருக்கும் போகாது. அதுக்காகத்தான் மறைச்சேன். என்னைத் திட்டணும்னா திட்டிடுங்க."

யாரும் திட்டவில்லை. சம்சுன்னிசா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிற மாதிரியும் இருந்தது. கடைசியில், கூட்டத்தின் பின்னாலிருந்து அர்ஃபான் வாயைத் திறந்தார்.

"தெரியும் சார். பரீதா அக்கா ஆஸ்பத்திரியிலேர்ந்தே எங்க எல்லாருக்கும் ஃபோன் போட்டுச் சொல்லிட்டாங்க. 'சார் கம்பெனிய விக்கும்போது உங்ககிட்ட மறைப்பாரு. பொய் சொன்னா அவருக்கு மேடைத் தமிழ் வந்துடும். சிரிச்சிடாதீங்க, நம்புற மாதிரியே நில்லுங்க, பாவம்'னு."