மாப்பிள்ளை மட்டையைத் தூக்க வேண்டாம்

ராயபுரம்,
31.7.2025, வியாழன்

மரியாதைக்குரிய சம்பந்தி தாமோதரன் அவர்களுக்கு, லோகநாதன் வணக்கத்துடன் எழுதுவது. நேற்றுத்தான் ஃபோனில் பேசினோம் என்பதால் சுகம் விசாரிப்பது அதிகப்படி, ஆனாலும் விசாரிக்கிறேன். நீங்கள் பேசும்போது "சரி சம்பந்தி" என்பதைத் தவிர எனக்கு வேறு சொல் வருவதில்லை. அதனால்தான் கடிதம். தபாலில் போட்டால் ஆட்டம் முடிந்த பிறகு வரும் என்பதால் எண்ணூர் போகும் மஜீது பாயின் மீன் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன். வாசனைக்கு மன்னிக்கவும்.

சொல்லப்போவது இவை:

1. மாப்பிள்ளை அவுட்டானால்தான் அவமானம், அது நடக்காது.
2. எங்கள் பக்கம் பந்து எறிகிறவனின் லட்சணம்.
3. உங்கள் பக்கம் எறிகிறவரின் லட்சணம் (கோபிக்கக் கூடாது).
4. மட்டை பிடிப்பவர்கள்.
5. நடுவராக நிற்கப்போகும் என் கதி.

ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பதினெட்டு. தலை ஆடிக்கு மாப்பிள்ளை ரஞ்சித்தை விருந்துக்கு அழைத்திருக்கிறோம். அதே நாள் காலையில் எண்ணூர் அணிக்கும் எங்கள் தெரு அணிக்கும் பேஸ்பால் ஆட்டம், அவர் உங்கள் அணியில் முதல் ஆளாக மட்டை பிடிக்கிறார் என்பது தெரிந்திருந்தால் பஞ்சாங்கத்தை இன்னொரு முறை பார்த்திருப்பேன். நேற்று நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இதோ பாரு சம்பந்தி, அத்தினி பேரு சிரிக்க என் புள்ள மாமனார் தெருவுல அவுட்டாயிட்டு, அப்பால உன் வூட்டு இலைல வந்து குந்துவானா? நேரா எண்ணூருக்கு வண்டி ஏறிடுவான்." விருந்து சாப்பிடாமல் மாப்பிள்ளை திரும்பினால், ஆடிக்கு அழைத்து வந்த பெண்ணை ஆவணியில் எந்த முகத்தோடு கொண்டுவந்து விடுவேன்? நேற்று இரவு முழுவதும் இதே யோசனை.

ஆனால் எங்கள் அணியைப் பார்த்தால் உங்கள் கவலை தீர்ந்துவிடும். கிரிக்கெட்டில் தோற்று அலுத்து, தோற்பதற்குப் புதிதாக ஓர் ஆட்டம் தேடி வந்தவர்கள் இவர்கள். மூன்று நல்ல பந்தைத் தவறவிட்டால் அடிப்பவர் அவுட்; எறிகிறவன் நான்கு முறை தப்பாக எறிந்தால் அடிப்பவர் முதல் மூலைக்குச் சும்மா நடந்தே போகலாம் என்பது விதி. எங்கள் தௌசீஃப் எறிவதில் நான்குக்கு ஐந்து தப்பு. காசிமேட்டில் ஐஸ் கட்டி இறக்குகிறவன். பந்தையும் இறக்கித்தான் வைக்கிறான், எங்கே என்பதுதான் அவனுக்கே தெரியாது. போன வாரப் பயிற்சியில் ஒன்று என் தலைக்கு மேலே பறந்து டீக்கடை பன் பாட்டிலை உடைத்தது. தப்பு என்று மெதுவாகச் சொன்னேன். "இன்னா பெர்சு, கண்ணு டொக்கா? நடு சென்டர்ல போட்டுகினு கீறேன், தப்புன்ற?" என்று கிட்டே வந்தான். பாதி தப்பு என்று திருத்திக்கொண்டேன். ஆகவே மாப்பிள்ளை மட்டையைத் தூக்கவே வேண்டாம். தோளில் சாய்த்து நான்கு பந்துக்கு நின்றால் போதும், கல்யாண ஊர்வலத்தில் வந்த மாதிரி கௌரவமாக நடந்து போகலாம்.

உங்கள் பக்கம் எறியும் செல்வநாதனையும் பார்த்தேன். ஒவ்வொரு பந்துக்கும் வானத்தைப் பார்த்து, மண்ணைத் தொட்டு, தொப்பியைத் திருப்பி, மறுபடி வானத்தைப் பார்த்து, இவ்வளவு பூசைக்கும் பிறகு வருகிற பந்து பிரசாதம் போல எல்லோர் கைக்கும் எட்டும் வேகத்தில் வருகிறது. அதையும் எங்கள் குமாரவேல் தொட மாட்டார். அவர் மீன் ஏலம் விடுகிறவர். பந்து அந்தப் பக்கம் கிளம்பும் முன்பே இந்தப் பக்கம் மட்டை சுற்றி முடிந்துவிடும். கொஞ்சம் பொறுக்கலாமே என்றேன். "பொறுத்தா மீனு நாறிடும் சார்" என்றார். மாப்பிள்ளையைப் பற்றி நான் சொல்வது முறையல்ல. நன்றாகத்தான் சுழற்றுகிறார், பந்துதான் அங்கே இருப்பதில்லை.

என் கதிக்கு வருகிறேன். விதிப் புத்தகத்தை முழுதும் படித்தவன் நான் ஒருவன் என்பதாலும், இரண்டு பக்கத்துக்கும் பயப்படுகிறவன் என்பதாலும் இரு அணியும் என்னை நடுவராக ஏற்றுக்கொண்டன. துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் மூட்டை எண்ணியவருக்கு மூன்றும் நான்கும் எண்ணத் தெரியாதா என்கிறார்கள். மூட்டை என்னை முறைத்ததில்லை. முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே வந்தால்தான் நல்ல பந்து. மாப்பிள்ளையின் கல்யாண கோட்டும் பேண்ட்டும் தைத்த தையற்காரரின் அளவுச் சீட்டு என்னிடம் இருப்பதால் அதில் பிசகு வராது.

சினேகா சௌக்கியம். ஆடிக்கு வந்தவளுக்குப் பொழுது போகவில்லை. மாடியில் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பந்தை எறிந்துகொண்டே இருக்கிறாள். கல்லூரி அணியில் ஆடியவள், பாவம், ஏதோ விளையாட்டு. சத்தத்தில் எனக்கு மத்தியானத் தூக்கம் போனதைத் தவிர அதில் எழுத ஒன்றுமில்லை.

அம்மன் அருளால் இரு வீடும் குறைவின்றி இருக்கட்டும். தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் மனைவி ஜெயஸ்ரீயின் நமஸ்காரங்கள்.

இப்படிக்கு,
லோகநாதன்

பி.கு. (வெள்ளி): உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். இன்று காலை ஐஸ் கட்டி விழுந்து தௌசீஃப் விரல் நசுங்கிவிட்டது. அணி முழுவதும் வீட்டுக்கு வந்தது. என்னைப் பார்க்க வந்ததாக நினைத்து உட்காரச் சொன்னேன். அவர்கள் மாடிப்படியைப் பார்த்து நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் எறியப்போவது உங்கள் மருமகள். மாடிக்குப் போய்ப் பார்த்தேன். தொட்டிச் சுவரில் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரே இடத்தில் காரை பெயர்ந்திருக்கிறது. மற்ற இடத்தில் ஒரு கீறல் இல்லை.

மாப்பிள்ளைக்கு மட்டும் மெதுவாகப் போடக் கூடாதா என்று கேட்டேன். "அவரையே கேளுப்பா" என்று ஃபோனைக் கையில் கொடுத்தாள். மாப்பிள்ளை சொன்னது: "மாமா, அவ பந்துல அவுட்டானா எனுக்கு இன்னா வெக்கம்? எங்க டீம்ல ஒருத்தனும் அவ பந்தைத் தொட மாட்டான். நாலு பந்துக்கு சொம்மா நின்னுகினு நடந்து போனா தான் அசிங்கம். நீ கரீக்டா சொல்லு. அவுட்டுனா அவுட்டு. அத்தைய மட்டும் வஞ்சிர மீன் வறுத்து வைக்கச் சொல்லு."

காலையிலிருந்து கண்ணாடி முன்னால் அவுட் காட்டக் கையை உயர்த்திப் பழகுகிறேன். இப்போது காது வரை போகிறது. மேலே எழுதியதில் முதல் குறிப்பு தவறு.