துரை வண்டியில் எதுவும் ஏறக்கூடாது

"ஓட்டையா?"

"வெறும் ஓட்டையா இருந்தா உன்ன எதுக்குண்ணே கூப்புடறேன்? கைய உள்ள வுட்டுப் பாரு."

"முழங்கை வரைக்கும் போவுதே."

"நேத்து மணிக்கட்டு வரைக்கும்தான் போச்சு."

பர்னபாஸ் கையை வெளியே இழுத்தார். விரலிடுக்குகளில் கறுப்புக் குதிரைமயிர் சுருள்சுருளாக ஒட்டியிருந்தது. சீமையிலிருந்து கப்பலில் வந்த வண்டிமெத்தை அது. இப்போது அதன் பின்பக்கத்தில் சுரங்கம் ஒன்று வெட்டப்பட்டிருந்தது. தங்கச் சுரங்கத்தில் பதினைந்து வருஷம் மரத்தூண் நட்டுப் பழகிய பர்னபாஸ், தலையைச் சாய்த்து அதை ஒரு தொழிலாளியின் மரியாதையோடு பார்த்தார்.

"நல்ல வேலைக்காரன்டா. நேரா வெட்டிகினு போயிருக்கான்."

"அண்ணே, என் வேலையே போவப் போவுது. நீ வேலைப்பாட்டைப் பாத்துகினு கீற."

முனிரத்தினத்தின் பயத்துக்குக் காரணம் இருந்தது. சுரங்க அதிகாரியான கேப்டன் துரையின் குதிரைக் கோச்சு வண்டிக்கு அவன்தான் பொறுப்பு. துரை உடம்பு தேற மலைக்குப் போய் இருபது நாளாகிறது. வருகிற சனிக்கிழமை திரும்புகிறார். இன்று திங்கள்.

புறப்படும்போது துரை வண்டிக்கொட்டகைக்கே வந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி உத்தரவு போட்டார். பட்லர் இன்பராஜ் அதைத் தமிழில் சொன்னான். "வண்டிக்குள்ள நாய் ஏறக்கூடாது. பூனை ஏறக்கூடாது. பாம்பு ஏறக்கூடாது. உள்ள இருக்கறது இருக்கறபடி இருக்கணும். தவறினா உன்ன மறுபடி அண்டர்கிரவுண்டுக்கு அனுப்பிடுவாராம்."

அந்தக் கடைசி வார்த்தைதான் முனிரத்தினத்தின் தூக்கத்தில் வந்து போய்க்கொண்டிருந்தது. குடியாத்தத்துப் பக்கமிருந்து வந்த புதிதில் அவன் மூன்று நாள் சுரங்கத்தில் வேலை பார்த்தான். முதல் நாள் கேஜ் என்ற இரும்புக்கூண்டு இறங்க ஆரம்பித்ததும் கண்ணை மூடினான். இரண்டாம் நாள் மயங்கி விழுந்தான். மூன்றாம் நாள், கூண்டின் கம்பியைப் பிடித்த கையை நான்கு பேர் சேர்ந்துதான் பிரிக்க வேண்டியிருந்தது. மாடு ஓட்டத் தெரிந்தவன் என்பதால் பிழைத்தான், குதிரையிடம் அனுப்பினார்கள். அன்றிலிருந்து ஷாப்டு என்ற அந்தச் சுரங்கவாய் இருக்கும் திசையில் அவன் தலைவைத்துப் படுப்பதில்லை.

"ஆனா தொரை எலின்னு சொல்லலியே?" என்றார் பர்னபாஸ்.

குதிரைக்குக் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்த முனிரத்தினத்தின் மனைவி பாப்பம்மா நிமிர்ந்தாள். "நாய் பூனைக்கே இவ்ளோ கண்டிசன். எலிய சொல்லணுமா இன்னா? ஊட்டுக்குள்ள செருப்போட வராதன்னா, சேத்தோட வரலாம்னா அர்த்தம்?"

பர்னபாஸ் விரலில் ஒட்டிய மயிரைத் தட்டிவிட்டார்.

முதல் யோசனையும் பாப்பம்மாவுடையதுதான். வேப்பெண்ணெயில் மிளகாயை அரைத்துக் கலந்து, வண்டியின் தோல் பாகமெல்லாம் பூசினார்கள். முனிரத்தினம் அதே கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டு அரை நாள் தண்ணீர்த் தொட்டியிலேயே முகத்தை வைத்திருந்தான். குதிரை தும்மித் தும்மிக் களைத்தது. மறுநாள் பார்த்தால் தோல்வார் ஒன்றும் போயிருந்தது.

"எண்ணெய்ல ஊறி மெத்துனு ஆயிடுச்சு," என்றான் அவன், கடிபட்ட நுனியைத் தடவியபடி. "முன்ன கஷ்டப்பட்டுத் தின்னுகினு இருந்துச்சு."

அன்று மத்தியானம் துரை பங்களாவில் ஆயாவாக இருக்கும் டெய்சியின் பூனை வந்தது. பெரிய வயிறுள்ள சாம்பல் பூனை.

"நல்லா தின்னு வளந்தது. எலிய ஒரே அடி," என்றாள் டெய்சி.

"பூனை ஏறக்கூடாதுன்னாரே, டெய்சிக்கா."

"சனிக்கெழமை வரைக்கும்தானே. அவரு வந்து மோந்தா பாக்கப் போறாரு?"

பூனை வண்டியில் ஏறியது. துரை காலில் போர்த்தும் கம்பளியை மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்தது. புதன்கிழமை காலை முனிரத்தினம் கதவைத் திறந்தபோது கம்பளியில் ஐந்து பூனைகள் இருந்தன. நான்குக்கு இன்னும் கண் திறக்கவில்லை. மெத்தைச் சுரங்கத்தின் வாசலில் எலி உட்கார்ந்து அந்தக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, பிள்ளை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி மாதிரி.

அப்போதுதான் அவன் அதை நன்றாகப் பார்த்தான். கொழுத்த எலி. வால் பாதிதான் இருந்தது. அவனைக் கண்டு அது ஓடவில்லை. அவனும் ஓடவில்லை.

கையை நீட்டினால் தாய்ப்பூனை கீறியது. அதனால் பக்கத்துக் கூலிலைன் வீடுகளிலிருந்து ஒரு நாயைக் கூட்டிவந்தான். நாய் பூனையைப் பார்த்தது, பூனை நாயைப் பார்த்தது. பிறகு நடந்ததில் வண்டியின் ஜன்னல் திரை இரண்டாகக் கிழிந்தது, விளக்குக் கண்ணாடி ஒன்று உடைந்தது, நாய் பேத்தமங்களா ரோட்டில் ஓடிப்போனது. பூனை அதே இடத்தில் உட்கார்ந்து குட்டிகளை நக்கியது.

"ஒரு சாரப்பாம்பு புடிச்சி வுட்டா..." என்று ஆரம்பித்தாள் பாப்பம்மா.

"அப்பால பாம்ப எடுக்க எத்தக் கூட்டியாறது?" என்றான் முனிரத்தினம். "தொரை மடக்கின வெரல் மூணு. ரெண்டு ஏற்கெனவே ஏறிடுச்சு. மூணாவதயும் நானே ஏத்தணுமா?"

அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள். "நீ பயப்படாதய்யா. அனுப்பினா நானும் கூட வந்து ஷாப்டு வாசல்ல நிக்கறேன்."

அது அவனுக்கு ஆறுதலாக இல்லை.

வியாழனன்று எலிப்பொறி வைத்தார்கள். தேங்காய்ச் சில்லு வைத்தார்கள், எலி தொடவில்லை. சுட்ட கருவாடு வைத்தார்கள், பூனை தின்றது. மசால் வடை வைத்தார்கள், பர்னபாஸ் தின்றார்.

"தொரை வண்டி எலி," என்று டெய்சி யோசித்தாள். "தொரை தீனிதான் திங்குமோ இன்னாவோ." பங்களாவிலிருந்து ஒரு டின் பிஸ்கட்டை முந்தானையில் மறைத்து எடுத்துவந்தாள்.

பிஸ்கட்டை மாட்டிவிட்டு முனிரத்தினம் கையை எடுக்கக்கூட இல்லை. எலி சுரங்கத்திலிருந்து இறங்கி, பொறிக்குள் நடந்துபோய், இரண்டு கையாலும் பிஸ்கட்டைப் பிடித்துத் தின்றது. கதவு விழுந்த சத்தத்துக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

"சனியனே," என்றான் முனிரத்தினம். "இவ்ளோதானா நீ?"

பாப்பம்மா வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள். பர்னபாஸ் பொறியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"எலியக் கொன்னுட்டு நான் கேஜ்ல இறங்க மாட்டேன், தங்கச்சி."

"இன்னாண்ணே, மாதா கோயிலுக்குப் போறவரு எலியக் கும்புடறீங்க?"

"கும்புடல. கீழ நாங்க சோத்து மூட்டையப் பிரிச்சா மொத உருண்டை எலிக்குத்தான் போடுவோம். பாறை வெடிக்கப் போறது மனுசனுக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும். அது ஓடினா நாமளும் ஓடணும். எங்க வேலையில இது கூலிக்காரங்க வழக்கம். தொரைமாருக்கு இதெல்லாம் இன்னா தெரியும்? ரெண்டு மாசத்துக்கு முன்ன ஆயிரம் அடி லெவல்ல பாறை வெடிச்சப்போ, கேப்டன் தொரை எப்பிடித் தப்பிச்சாரு? நெஞ்சுல தொப்பிய அணைச்சிகினு வெளிய வந்தாரு. ஜெபம். அது ஒண்ணுதான்."

முனிரத்தினத்துக்கு அந்த நாள் நினைவிருந்தது. கொளுத்துகிற வெயிலில் துரை தொப்பியைத் தலையில் வைக்காமல், கவிழ்த்த கிண்ணம் மாதிரி மடியில் மூடிவைத்துக்கொண்டு வீடுவரை வந்தார். எவ்வளவு பக்தி என்று அவன் வியந்திருந்தான்.

"அப்போ இத இன்னா பண்றது? இங்க எங்க வுட்டாலும் திரும்பி வரும்."

"எங்கூடக் கீழ வரட்டும். ஆயிரம் அடி லெவல்ல வுட்டுடறேன். மேல வரணும்னா அது மணியடிச்சி கேஜக் கூப்புடணும்."

துரை போனதிலிருந்து முனிரத்தினம் முதல்முறையாகச் சிரித்தான். வெள்ளிக்கிழமை பர்னபாஸின் சோற்றுத்தூக்கோடு சேர்ந்து எலியும் ஷிப்டுக்குப் போனது. மாலை வந்து, "அங்க இருந்த நூறோட நூத்தியொண்ணாப் பூந்துகிச்சி," என்றார்.

பிறகு நடந்ததெல்லாம் வேகம். பாப்பம்மா மெத்தையைத் தேங்காய் நாரால் அடைத்துத் தைத்தாள். திரையைத் தைத்தாள். டெய்சி பூனைக்குடும்பத்தைக் கூடையில் தூக்கிப்போனாள். கடைசியாக முனிரத்தினம் சீட்டுக்கடியில் கைவிட்டுத் துழாவியபோது துரையின் பழைய சுருட்டுடப்பா ஒன்று அகப்பட்டது. மூடியில் வரிசையாக ஓட்டை. உள்ளே பஞ்சும் பிஸ்கட் தூளும்.

"பாத்தியா? டப்பாவக்கூட வுட்டு வெக்கல அது," என்று சொல்லி, பஞ்சைக் கொட்டி, டப்பாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, பளபளவென்று இருந்த இடத்திலேயே வைத்தான்.

சனிக்கிழமை மாரிக்குப்பம் ஸ்டேஷனில் ரயில் நின்றது. கூடப் போயிருந்த துரையின் மனைவி, துரைசானி, மலையிலேயே தங்கிவிட்டாள். துரையும் பட்லர் இன்பராஜும் மட்டும் இறங்கினார்கள். முனிரத்தினம் சலாம் வைத்த கையை இறக்க மறந்து நின்றான். துரை உடைந்த விளக்கைக் கடந்தார். தைத்த திரையைக் கடந்தார். நார் மெத்தையில் உட்கார்ந்தார். முனிரத்தினம் அப்போதுதான் கையை இறக்கினான்.

துரை குனிந்து சீட்டுக்கடியில் கையை விட்டார். டப்பாவை எடுத்துத் திறந்தார். கோட்டுப் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தவர், காலி டப்பாவையே பார்த்தார். பிறகு மெத்தையின் பக்கம் குனிந்து மெதுவாக விசில் அடித்தார். காத்திருந்தார். மறுபடி அடித்தார்.

இன்பராஜிடம் ஏதோ கேட்டார்.

"முனிரத்தினம், வால் அறுந்த எலி ஒண்ணு வண்டியில இருந்துச்சாமே. எங்க?"

"அதுங்களா?" அவன் சட்டென்று கை கூப்பினான். "கொல்லலீங்க. சத்தியமா கொல்லல. ஆயிரம் அடி லெவல்ல வுட்டாச்சு."

இன்பராஜ் அதை இங்கிலீஷில் சொன்னான். துரையின் முகம் வெளுத்தது. அவர் தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ரொம்ப நேரம், ரொம்பத் தாழ்ந்த குரலில் பேசினார். இன்பராஜ் கேட்டுமுடித்துவிட்டு, தூரத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஷாப்டுச் சக்கரத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு முனிரத்தினத்தைப் பார்த்தான்.

"அன்னிக்குப் பாறை வெடிக்கறதுக்கு முன்ன ஓடி அவருக்கு வழி காட்டினது அந்த எலிதானாம், தொப்பியில மூடி மேல கொண்டாந்து, தொரைசானியம்மா எலியப் பாத்தா பயப்படுவாங்கன்னு வண்டியில வெச்சி வளத்தாராம். ரெண்டு மாசமா உன் குரலக் கேட்டுகினே வண்டியில சுத்தினதால நீ கூப்புட்டா வந்துடுமாம், அதனால தயவுபண்ணி அவரோட இப்பவே கேஜ்ல இறங்கி வாப்பான்னு கேக்கறாரு."