கால்வாய்க் கரையில் ஒரு கடற்போர்

சரித்திரம் படித்தவர்கள் வேறு. சரித்திரம் பிடித்து ஆடுகிறவர்கள் வேறு. இரண்டாம் வகையினரை நீங்கள் கல்யாணப் பந்தியில் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள். சாம்பாரில் உப்பு குறைவு என்று சொன்னால் போதும். உப்பு வரியில் தொடங்கி, இங்கிலாந்தில் முதலாம் சார்லஸ் மன்னரின் தலை உருண்ட இடத்தில்தான் மூச்சு விடுவார்கள். அதற்குள் பாயசம் வந்து போயிருக்கும்.

எங்கள் கொழிஞ்சாம்பாறையில் அந்த இனத்துக்குப் பூபதிராஜா என்று பெயர். தென்னந்தோப்புக்காரர். படகில் ஏறினாலே வாந்தி எடுப்பவர். ஆனால் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கடற்படையில் அவருக்குத் தெரியாத கப்பல் இல்லை. கூட்டம் எங்காவது இழுத்தால், "பார்லிமெண்டக் கலைச்ச குரோம்வெல்லாட்ட உள்ள பூந்து, அத்தன பேரையும் தொரத்திப்போட்டுக் கதவச் சாத்தோணும்" என்பார். அவர் தலைமை வகிக்கும் கூட்டம்தான் எப்போதும் இழுக்கும்.

போன மாதம் கருப்பாத்தாளின் மாடு கன்று போட முடியாமல் திணறியது. பூபதிராஜா தங்கமான மனிதர். கருப்பாத்தாளையும் மாட்டு டாக்டர் டிஜோவையும் தம் காரில் ஏற்றிக்கொண்டு கால்வாய்க் கரை வழியே பறந்தார். எதிரே ஈஸ்வரமூர்த்தியின் டிராக்டர், பின்னால் டிரெய்லர் நிறையத் தேங்காய். பாதையோ ஒரு வண்டிக்குத்தான் போதும். காருக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் ஒதுங்க இடமும் இருந்தது.

"ஏனுங்க, கொஞ்சம் பின்னால எடுங்க. டிரெய்லர வெச்சுட்டு என்னால பின்னால போவ முடியாதுங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

பூபதிராஜா எஞ்சினை அணைத்தார். அணைத்தால் சொற்பொழிவு என்று அர்த்தம்.

"ஆயிரத்து அறநூத்தி அம்பத்திரண்டுல இப்படித்தானுங்க, டச்சுக் கப்பல் எதுக்க வந்துது. இங்கிலீஸ்காரன் கப்பலக் கண்டாக் கொடிய எறக்கோணும். அவன் எறக்குல. என்னாச்சு? ரெண்டு வருசம் போருங்க!"

"மாடு ரெண்டு வருசம் தாங்காதுங்க சாமி!" கருப்பாத்தாளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எங்கிட்டக் கொடியே இல்லீங்களே" என்றார் ஈஸ்வரமூர்த்தி, உண்மையான வருத்தத்தோடு.

"சாரே, நிங்கள் போர் முடிச்சிட்டு வாங்க" என்று டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடினார். கருப்பாத்தாள் அவருக்கு முன்னால் ஓடினார். பூபதிராஜா கவனிக்கவில்லை. தரையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த பிளேக் என்ற ஆங்கிலேயர், ஐம்பது வயதில் கடற்படைத் தளபதியான கதை அப்போதுதான் சூடு பிடித்திருந்தது.

கடைசியில் ஈஸ்வரமூர்த்தி தலைத்துண்டை அவிழ்த்துத் தாழ்த்திக் காட்டினார். "எறக்கியாச்சுங்க. போதுமுங்களா?"

போதும்! பூபதிராஜாவின் முகத்தில் முழு வெற்றி. வென்ற களிப்பில் காரைப் பின்னாலேயே ஓட்டிப் போய், ஒதுங்கி வழிவிட்டார். வென்றவர் பின்வாங்கிய கடற்போர் அநேகமாக இது ஒன்றுதான்.

அவர் போய்ச் சேர்ந்தபோது, பிறந்த கன்றை மாடு நக்கிக்கொண்டிருந்தது. டாக்டர் கை கழுவியபடி, "கொஞ்சம்கூடத் தாமசிச்சிருந்தா ரெண்டும் போயிருக்கும்" என்றார். பூபதிராஜாவின் முகம் சுருங்கியது.

"தப்புத்தானுங்க ஆத்தா" என்றார். ஒரு நிமிடம் மௌனம். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. "கன்னுக்குப் பிளேக்குன்னு பேரு வெச்சுரலாமுங்களா?"

"இது பொட்டக் கன்னுங்க, கெடேரி!" என்றார் கருப்பாத்தாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்தப் போருக்குக் கொடி மட்டுமா காரணம், கப்பல் வணிகச் சட்டத்தை இந்த ஆள் விட்டுவிட்டாரே என்று உங்கள் உதடு துடிக்கிறதா? அப்படியானால் பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள். தப்பி ஓடச் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.