பச்சை விளக்கு நாலும் எரிகிறது

"இடது பக்கம் திருப்பச் சொல்லு. இடதுன்னா எந்தக் கைன்னு அந்த ஆளுக்குத் தெரியுமான்னும் கேளு" என்றார் கதவுக்காரர், மொட்டைமாடியிலிருந்து.

மாடிப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி, தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியிருந்த செல்போனில் சொன்னாள்: "அண்ணே, கொஞ்சம் இடது பக்கம் திருப்பணுமாம்."

மறுமுனையிலிருந்து நீளமாக ஏதோ வந்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்கறார்" என்றாள்.

"இவ்வளவு நேரம் பேசினது வெறும் சரிதானா?"

"மத்ததெல்லாம் உங்க காதுக்கு ஆகாது."

கதவுக்காரருக்கு ரத்தம் கொதித்தது. பழைய வீடுகளை இடிக்கும்போது கழற்றுகிற கதவு, ஜன்னல்களை வாங்கி விற்கிற கிடங்கு அவருடையது. அவருடையது என்றால் பாதிதான். மீதிப் பாதி மனைவியின் அண்ணனுக்கு. இருபத்திரண்டு வருடக் கூட்டு. நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் கிடங்கின் பெரிய கேட் ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே தெருநாய்கள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. "நேத்து கடைசியா போனது நீங்க" என்றார் இவர். "நானா? நீங்க" என்றார் அவர். அன்றோடு பேச்சு நின்றது.

அதற்குப் பிறகும் இரண்டு தடவை கேட் திறந்து கிடந்தது. நல்லவேளையாக எதுவும் திருட்டுப் போகவில்லை. ஆனால் இருநூறு கதவு வைத்திருப்பவர்களுக்கு ஒரு கேட்டைப் பூட்டத் தெரியவில்லை என்று தெருவே சிரித்தது. கதவுக்காரருக்கு நாய்கள்கூடப் பொறுத்துக்கொள்ளும்படியாக இருந்தன, இந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை.

அதனால் கேமரா. கிடங்கு ஊருக்கு வெளியே ஒன்றேகால் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அங்கே இன்டர்நெட் கிடையாது. கிடங்கின் கூரையில் ஒரு ஆன்டெனா, வீட்டு மாடியில் ஒரு ஆன்டெனா, அது அனுப்பும், இது பிடிக்கும், ஹாலில் இருக்கிற டிவியில் கேட் தெரியும் என்று ஏற்பாடு. கேட்டைத் திறந்து போடுவது யார் என்று தெரிந்துவிட்டால் அவர் கூட்டிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் படம் வராவிட்டால் திங்கட்கிழமை கிடங்கின் நடுவே சுவர் எழுப்பிப் பிரித்துக்கொள்ள வேண்டும். இதுவும் மனைவி வழியாகப் பேசி முடிவானதுதான். மச்சான் சுண்ணாம்புப் பொடியால் கோடுகூடப் போட்டுவிட்டார். அந்தக் கோடு தன் பக்கமாக ஒரு சாண் வளைந்திருக்கிறது என்று கதவுக்காரர் இரண்டு இரவு தூங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கேமராக்காரர் வந்தார். ஏணியும் கையுமாகத் திரிகிற ஒல்லியான, நாற்பது வயது மனிதர். காலையில் கிடங்கில் மாட்டினார், மத்தியானம் வீட்டில் மாட்டினார். கீழே ஹாலில் டிவியை இணைத்தார், கதவுக்காரரின் மனைவி கொடுத்த டீயைக் குடித்தார், அவளோடு வெகுநேரம் நின்று பேசினார். பிறகு மாடிக்கு வந்து தலையைச் சொறிந்தார்.

"படம் வரலை சார்."

"ஏன் வரலை? ஆன்டெனாவுல விளக்கு நாலும் பச்சையா எரியுதே."

"விளக்கு எரிஞ்சா மட்டும் போதாது சார். ரெண்டும் ஒண்ணையொண்ணு நேருக்கு நேர் பார்க்கணும். ஒரு மயிரிழை விலகினாலும் போச்சு. ரெண்டு பக்கமும் ஆள் நின்னு, போன்ல நேரடியா பேசிக்கிட்டே திருப்பணும். நீங்களும் உங்க மச்சானும் பேசினா அஞ்சு நிமிஷ வேலை."

"அந்த ஆளோட நானா? அதுக்கு வேற ஆளைப் பார்."

இப்படித்தான் மனைவி மாடிப்படிக்கு வந்தாள். ஆனால் இவர் சொல்லி, அவள் அதைக் கழுவித் துடைத்து அண்ணனிடம் சொல்லி, அவர் பதில் சொல்லி, அதையும் இவள் வடிகட்டி அனுப்புவதற்குள், இரண்டு பேருமே பொறுமையிழந்து ஆளுக்கு ஒரு திருப்பு அதிகமாகத் திருப்பிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் நாலு பச்சை விளக்கு இரண்டாகியது.

புதன்கிழமை மனைவி, "எனக்குத் தொண்டை கட்டிடுச்சு" என்று மணி மணியாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கதவுக்காரர் அசரவில்லை. கிடங்கில் பழைய பீரோக் கண்ணாடிகள் எக்கச்சக்கமாகக் கிடந்தன. ஆளுக்கு ஒன்று. வெயிலில் ஒரு தடவை மின்னினால் இடது, இரண்டு தடவை மின்னினால் வலது. பேச்சே வேண்டாம். தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

முதல் மின்னல், பக்கத்து வீட்டு மாடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் கண்ணில் விழுந்தது. அவர் எழுந்து நின்று கத்தியதில் கதவுக்காரர் கண்ணாடியைக் கீழே வைத்து அரை மணி நேரம் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த அரை மணியும் எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி காற்றில் இரண்டிரண்டு தடவையாக ஆடி மின்னிக்கொண்டிருக்க, மச்சான் கடமை தவறாமல் வலது, வலது என்று திருப்பிக்கொண்டே போனார். கடைசியில் கிடங்கின் ஆன்டெனா ஏரியைப் பார்த்து நின்றது. விளக்கு ஒன்றுகூட இல்லை.

"ஏரியையா காவல் காக்கப் போறார்? அறிவுன்னு ஒண்ணு வேண்டாமா மனுஷனுக்கு?" என்று குதித்தார் கதவுக்காரர்.

"ரெண்டு தடவை மின்னினா வலதுன்னு சொன்னது நீங்கதானே" என்றாள், தொண்டை கட்டிய மனைவி.

வியாழக்கிழமை முழுக்கக் கேமராக்காரர் கிடங்குக் கூரையில் ஏறி எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். நாலு விளக்கும் பச்சை. டிவியில் மட்டும் அதே கருப்பு.

"டிவியிலதான் ஏதோ கோளாறு. நான் பின்னாடி பார்க்கிறேன்" என்று கதவுக்காரர் குனிந்தார்.

"இப்பதான் ஒட்டடை அடிச்சிருக்கேன், கையை வைக்காதீங்க" என்று மனைவி குறுக்கே நின்றாள். "அவர்தான் சொல்றாரே, நேரடியா பேசணும்னு."

"உயரம் பத்தலை. அதான் விஷயம்" என்றார் கதவுக்காரர்.

வெள்ளிக்கிழமை ஆன்டெனாவைக் கழற்றி, தண்ணீர்த் தொட்டியிலிருந்து நிமிர்ந்து நின்ற குழாயின் உச்சியில் கட்டினார். காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. குழாய் தொட்டியின் அடியிலேயே முறிந்து, தொட்டித் தண்ணீர் முழுவதும் மாடிப்படி வழியாக ஹாலுக்கு இறங்கியது. இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீரைத் தள்ளிய மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், பிளாஸ்டிக்கில் குழாய் செய்தவனைத் திட்டினார்.

இவர் உயர்த்தினார் என்று கேள்விப்பட்ட மச்சான் சும்மா இருப்பாரா? ஆறு கதவுகளைக் கூரைமேல் அடுக்கி அதன் மேல் தன் ஆன்டெனாவை நிறுத்தினார். ஆறு கதவும் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு கிடங்குக்குள் விழுந்தன. கோட்டுக்கு இந்தப் பக்கம், அதாவது கதவுக்காரரின் பாதியில்.

"வேணும்னேதான் என் பக்கம் தள்ளியிருக்கார்" என்றார் கதவுக்காரர்.

சனிக்கிழமை ஓட்டையை அடைத்தார்கள், குழாயை மாற்றினார்கள், ஆன்டெனாக்களைப் பழைய இடத்தில் பூட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கேமராக்காரர் வந்து வாசலில் ஏணியைச் சாய்த்தார்.

"இன்னைக்கும் பேசமாட்டீங்கன்னா, நான் எல்லாத்தையும் கழட்டிட்டுப் போறேன் சார்."

மனைவி நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, செல்போனைக் கணவர் கையில் திணித்தாள். "நாளைக்குச் சுவர் வைக்க ஆள் வர்றாங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

கதவுக்காரர் மாடிக்குப் போனார். இரண்டு பேரும் பின்தொடர்ந்தார்கள்.

"ம்" என்றார் போனில்.

"ம்" என்றது போன்.

"இடது பக்கம் ஒரு நூல்."

"திருப்பியாச்சு. உங்க கேமரா வர்றதுக்கு முன்னாடியே நான் கிடங்கைக் காவல் காத்தவன். எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்."

"காத்த லட்சணம்தான் தெரியுதே. மூணு தடவை கேட் திறந்து கிடந்துச்சு."

"யாரால? நான் சாயங்காலம் அஞ்சரைக்கே பின்வாசல் வழியா கிளம்பிடறவன். கேட்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? தேக்குக் கதவு வந்து இறங்கின அன்னைக்கெல்லாம் என் ரூம் லைட்டை அணைக்காமப் போவேன், உள்ளே ஆள் இருக்குன்னு திருடன் நினைக்கட்டும்னு. அவ்வளவு ஜாக்கிரதை நான்."

கதவுக்காரர் ஆன்டெனாவிலிருந்து கையை எடுத்தார்.

"தேக்கு எத்தனை தடவை வந்துச்சு?"

"மூணு தடவை."

"லைட் எரிஞ்சா நீங்க உள்ளே இருக்கீங்கன்னுதானே நான் நினைப்பேன்? உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே பூட்டிட்டா போவாங்க? சாத்திட்டு மட்டும் போயிட்டேன். ராத்திரி காத்து தள்ளித் திறந்திருக்கு."



"சொல்லியிருக்கலாமே" என்றார் மச்சான்.

"நீங்களும் கேட்டிருக்கலாமே."

"எங்கே கேட்கறது? முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனீங்க."

போன் பெருமூச்சு விட்டது. பிறகு, "மாப்ளே" என்று வந்தது. நாலு மாதமாகக் கேட்காத வார்த்தை. கதவுக்காரர் தண்ணீர்த் தொட்டிப் பக்கமாகத் திரும்பி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சொல்லுங்க மச்சான்" என்றார்.

அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் பேசினார்கள். விழுந்த கதவில் எது பிழைத்தது, வளைந்த கோடு, மச்சானின் முட்டிவலி, எல்லாம். கோட்டை மச்சானே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவதாகச் சொன்னார். சுவர் வைக்கிற ஆளை வர வேண்டாம் என்று சொல்வதாக இவர் சொன்னார்.

மனம் லேசானதும் கதவுக்காரருக்குக் கோபம் திரும்பி வந்தது. இத்தனைக்கும் காரணமான மனிதர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறாரே.

"யோவ், ஆறு நாளா எங்களைப் பைத்தியமா ஆட்டி வெச்சிருக்கே. நேரடியா பேசினா அஞ்சு நிமிஷம்னியே, முக்கால் மணி நேரமா பேசியாச்சு, படம் எங்கய்யா? தொழில் தெரியலைன்னா ஏணியைத் தூக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே?"

"நல்லாக் கேளுங்க மாப்ளே, விடாதீங்க" என்றது போன்.

கேமராக்காரர் அவரைப் பார்க்கவில்லை. படிக்கட்டருகே நின்றிருந்த மனைவியைப் பார்த்துக் கேட்டார்:

"அக்கா, முதல் நாள் நீங்க டிவிக்குப் பின்னாடி பிடுங்கி வைக்கச் சொன்ன வயரை இப்ப மாட்டிடலாமா, இல்ல இவங்க இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டுமா?"