சைபர் அண்ணைக்கு ஓர் ஆள் குறைந்தது

லண்டனில் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உதைபந்தாட்டம் பார்த்த ஒரே மனிதர் எங்கள் சைபர் அண்ணைதான்.

கிங்ஸ்பரியில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். கணக்காளர். என் மகன் ஆரணன் ஒரு பெரிய உதைபந்தாட்டக் கிளப்பின் சிறுவர் அக்கடமியில் விளையாடிய காலத்தில், சனிக்கிழமை தவறாமல் என் காரில் ஏறிக்கொள்வார். நாங்கள் எல்லாரும் பந்தைப் பார்த்துக் கத்த, அவர் கார்களைப் பார்த்தபடி என் பிளாஸ்க் தேநீரைக் குடிப்பார்.

"அண்ணை, ஆட்டம் இந்தப் பக்கம்!"

"இஞ்சை நிக்கிற காருகளைப் பாருங்கோ தங்கச்சி. பிள்ளையளைத் தாய்தகப்பனே ஏத்தியிறக்க, கிளப்புக்கு எவ்வளவு பெற்றோல் காசு மிச்சம்!"

ஒருநாள், கோல் அடித்த பையனின் தகப்பன் பூரித்துப்போய், "இவன்ரை விலை இப்ப என்ன இருக்கும்?" என்று கேட்டுவிட்டார்.

"சைபர்," என்றார் இவர். "காசு குடுத்து வாங்கின ஆளுக்குத்தான் கிளப்பின்ரை கணக்கிலை விலை. சும்மா வந்த பிள்ளையை வித்தால் முழுக்க லாபம்."

அந்தத் தகப்பன் பிறகு மைதானத்தின் மறுகரையில்தான் நின்றார். இவருக்குச் 'சைபர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

எனக்கும் கோபம். "அப்ப ஏன் இத்தனை பிள்ளையளை வைச்சிருக்கினம்?"

"ஒண்டை வித்தால் எல்லாற்றை செலவும் வந்திடும்."

"மற்றப் பிள்ளையள்?"

தேநீரை ஊதினார். "அந்த ஒண்டு விளையாடிப் பழக ஆள் வேணுமே."

பிளாஸ்க்கை அவர் கையிலிருந்து வாங்கி மூடினேன். அந்த ஒன்று தம் பிள்ளைதான் என்று நம்பித்தானே எல்லாரும் மழையில் நிற்கிறோம்.

போன வசந்தத்தில் ஆரணனை அக்கடமியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், கைகுலுக்கினார்கள். வெளியே அடுத்த குடும்பம் காத்திருந்தது. எட்டு வயதிலிருந்து அவனுக்கு வேறு உலகம் தெரியாது. வீட்டுக்கு வந்து அறைக்குள் போனவன் வெளியே வரவில்லை, சாப்பாட்டைத் தொடவில்லை. கதவில் காதை வைத்து அவன் மூச்சுவிடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். இப்போதும் அந்தக் கதவைத் தாண்டும்போது என் கால் தானாக நின்றுவிடுகிறது.

"படிப்புத்தான் முக்கியம்" என்று சொந்தக்காரர்கள் போனில் சொன்னார்கள். சைபர் அண்ணை ஞாயிறு காலை, வயிற்றுக்கு எட்டாத ஜெர்சியுடன் மாடியேறி வந்து கதவைத் தட்டினார்.

"தம்பி, எங்கடை கிழட்டு டீமுக்கு ஒரு ஆள் குறையுது. சம்பளம் இல்லை. கொத்துரொட்டி உண்டு."

"அங்கிள், ஐ ஆம் டன் வித் புட்போல். ப்ளீஸ்."

"நல்லதாப் போச்சு. நாங்கள் விளையாடுறது புட்போலே இல்லை. வந்து பாரும்."

நீண்ட நேரம் கழித்துக் கதவு திறந்தது.

பார்க்கில் தொந்திகள் மோதிக்கொண்டன. கோல் காத்த சைபர் அண்ணை, பந்து இடப்பக்கம் வர வலப்பக்கம் பாய்ந்து, எழும்ப ஏலாமல் கிடந்தார். ஆரணன் சிரிப்பை அடக்கிப் பார்த்தான். முடியவில்லை, புல்லில் குந்தியிருந்து சிரித்தான். அழுகையை மறைக்க நான் தெருப்பக்கம் போனேன்.

அங்கே நின்ற ஒரு வான் வண்டிக்குள், அதே ஜெர்சியுடன் மூன்று பேர் குனிந்து ஒளிந்திருந்தார்கள்.

"அக்கா, தம்பியிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. ஆள் குறையவேணும் எண்டு அண்ணைதான் எங்களை இறங்க விடேல்லை."

சத்தமில்லாமல் வான் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். மகன் ஓடிக்கொண்டிருந்த மைதானத்தில், அன்றுதான் முதன்முறையாக, நான் கோல் காத்த வேறொருவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.